ஃபீஸ் ஸ்கூல்ல படிக்கிறது 7% பேர்தான், ஜட்ஜுங்கள்ல மூணுல ரெண்டு பேர் அங்கேருந்து எப்படி வராங்க? (யூகே)

ரீடிங்_கோவைக்காரன்:

வணக்கம்ங்க. கோயமுத்தூர்ல இருந்து வேலைக்காக வந்து இப்ப ரீடிங்ல இருக்கோம், பையன் இயர் 4 (8, 9 வயசு), பக்கத்து அரசு பிரைமரியில படிக்கிறான், ஸ்கூல் நல்லா இருக்கு, டீச்சருங்க அக்கறையா பாத்துக்கறாங்க, ஒரு பைசா ஃபீஸ் கிடையாது. எல்கேஜி சீட்டுக்கே கடன் வாங்குன சொந்தக்காரங்கள ஊர்ல பாத்தவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு புரியும்.

ஆனா ஒரு கேள்வி மண்டைய குடையுதுங்க. இங்க மொத்த பிள்ளைங்கள்ல சுமார் 7% தான் ஃபீஸ் கட்டுற ஸ்கூல்ல படிக்கிறாங்க. சட்டன் டிரஸ்ட்ங்கற தொண்டு அமைப்பும், வசதியில்லாதவங்க மேல வர வழி இருக்கான்னு பாக்கற அரசு அமைப்பான சோஷியல் மொபிலிட்டி கமிஷனும் சேந்து 2019ல ஒரு ரிப்போர்ட் போட்டாங்க, அதுல மேல்மட்ட ஜட்ஜுங்கள்ல 65%, அமைச்சகங்களோட தலைமைச் செயலாளருங்கள்ல 59%, பிரபுக்கள் சபையில 57%, பேப்பர்ல பத்தி எழுதறவங்கள்ல 44% இந்த 7%ல இருந்து வந்தவங்க. கிரிக்கெட் பைத்தியமான நமக்கு இன்னொண்ணு, இங்கிலாந்து ஆண்கள் டீம்லயே 43%. ஃபுட்பால்ல மட்டும்தான் வெறும் 5%.

இப்ப 2025 ஜனவரி 1ல இருந்து ஃபீஸ் மேல 20% வாட் போட்டுட்டாங்க. ஆஃபீஸ்ல கொஞ்சப் பேர் இது ரொம்ப சரிங்கறாங்க, கொஞ்சப் பேர் இது பொறாமைல போட்ட வரிங்கறாங்க. பையன எங்க சேக்கறதுன்னு நான் கேக்கலைங்க. அந்த ஸ்கூலுங்கள்ல அப்படி என்னதான் நடக்குது, படிப்பா, பணமா, ஆள் பழக்கமா? வாட் போட்டா அந்த 65% குறையுமா? விவரம் தெரிஞ்சவங்க பொறுமையா சொல்லுங்க.

மேத்ஸ்டீச்சர்_லூட்டன்:

தம்பி, நான் அரசு செகண்டரியில மேத்ஸ் எடுக்கறேன், அதனால என் பேச்சு ஒரு பக்கம் சாஞ்சுதான் இருக்கும், அதை மனசுல வச்சுக்கிட்டே படிங்க.

மொதல்ல காசு. ஐஎஃப்எஸ்னு ஒரு பொருளாதார ஆய்வு நிறுவனம் இருக்கு, அவங்க 2023ல போட்ட கணக்குப்படி ஃபீஸ் ஸ்கூல்ல சராசரியா ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 15,200 பவுண்ட், அரசு பள்ளியில ஒரு பிள்ளைக்கு செலவாகிறது சுமார் 8,000. 2010 வாக்கில இந்த வித்தியாசம் 40% கிட்டதான் இருந்துச்சு, இப்ப 90% தாண்டிருச்சு. அவங்க ஃபீஸ் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போச்சு, எங்க பக்கம் 2010க்கு அப்புறம் சிக்கனம் சிக்கனம்னு இறுக்கிட்டாங்க, ரெண்டும் சேந்து இங்க கொண்டு வந்து விட்டிருக்கு. அந்தக் கூடுதல் காசு பெரும்பாலும் ஆள் பலமாத்தான் மாறுது. அங்க ஒரு டீச்சருக்கு 9 பிள்ளைங்க கிட்ட, அரசு செகண்டரியில 17 கிட்ட. இதுகூட காகிதத்துல இருக்கிற சராசரிதான், வகுப்புல நின்னா எனக்கு முன்னாடி 30 முகம் இருக்கு. ஃபர்தர் மேத்ஸ்ங்கற கூடுதல் கணக்குப் பாடம் எடுக்க ஒரு வருஷம் நாலு பிள்ளைங்கதான் வந்தாங்கன்னா அந்த வகுப்ப நடத்த பட்ஜெட் இடம் குடுக்காது, ஃபீஸ் ஸ்கூல்ல ரெண்டு பேருக்குக்கூட நடத்துவாங்க. அப்புறம் அந்தப் பிள்ளை கேம்பிரிட்ஜ்ல மேத்ஸ் அப்ளை பண்ண நெனைக்கும்போது ஆரம்பத்துலயே ஒரு கை கட்டுன மாதிரி ஆயிருது.

சின்ன வகுப்புக்கு எவ்ளோ மதிப்புன்னு 2020ல நாடே பாத்துச்சு. கோவிட்ல, நம்ம ஊர் பிளஸ் டூ மாதிரியான ஏ லெவல் பரீட்சை இல்லாம போச்சு, பரீட்சைகளைக் கண்காணிக்கிற ஆஃப்குவால் ஒரு கம்ப்யூட்டர் கணக்கு போட்டு மார்க் குடுத்தாங்க. ஒரு பாடத்துல ஒரு பள்ளியில 5 பேருக்கும் குறைவா இருந்தா டீச்சர் சொன்ன கிரேட் அப்படியே நிக்கும், 15 வரைக்கும் டீச்சர் கிரேடையும் கம்ப்யூட்டர் கணக்கையும் கலந்து போடுவாங்க, அதுக்கு மேல போனா அந்தப் பள்ளியோட பழைய ரிசல்ட்டதான் பிள்ளை தலையில கட்டுவாங்க. சின்ன வகுப்பு யார்கிட்ட இருக்கு? ஃபீஸ் ஸ்கூல்ல ஏ, ஏ ஸ்டார் விகிதம் கிட்டத்தட்ட 5 புள்ளி ஏறிச்சு, பெரிய அரசு காலேஜ் பிள்ளைங்க பல பேருக்கு கிரேட் கீழ விழுந்துச்சு. எங்க பள்ளியில நல்லா படிக்கிற பொண்ணுங்க ரிசல்ட் கவரைப் பிரிச்சுட்டு அழுததை நான் மறக்கவே மாட்டேன். நாலு நாள்ல, ஆகஸ்ட் 17, அரசாங்கம் அதை வாபஸ் வாங்கிருச்சு, ஆனா அதுக்குள்ள சில பேருக்கு யூனிவர்சிட்டி சீட் கைய விட்டுப் போயிருச்சு. அடுத்த வருஷம் டீச்சருங்களே கிரேட் போட்டப்போ ஃபீஸ் ஸ்கூல்ல 70% ஏ அல்லது ஏ ஸ்டார், தேர்வு வைக்காம எல்லாரையும் சேக்கற அரசு பள்ளியான காம்ப்ரிஹென்சிவ்ல 39%.

படிப்புக்கு வெளியில இருக்கிறது எண்ணிப் பாக்க முடியாது. யூனிவர்சிட்டிக்கு எழுதி அனுப்பற பர்சனல் ஸ்டேட்மெண்ட்ட வரி வரியா திருத்த ஆளு, மாக் இன்டர்வியூ, டிபேட் கிளப், மேடையில நிக்கப் பழகுறது. எங்க பிள்ளைங்களுக்கும் மூளை இருக்கு, ஆனா பெரிய ரூமுக்குள்ள நுழைஞ்சா அது நம்ம இடம்தான்னு நெனைக்கிற பழக்கம் 18 வயசுல திடீர்னு வராது.

ஈஸ்ட்ஹாம்_அண்ணை:

டீச்சர் சொன்னது முழுக்கச் சரி. ஆனா தம்பி பயந்துபோடக் கூடாது எண்டதுக்காகவும் ஒண்டு சொல்லோணும். நான் கனகாலமா ஈஸ்ட்ஹாம்ல இருக்கிறன், நியூஹாம் எண்டா லண்டன்ல வசதி குறைஞ்ச இடங்களில ஒண்டு, எங்கட சனம் யாழ்ப்பாணத்தில இருந்து ஓடி வந்து முதல் முதல் கால் ஊண்டின இடங்களில ஒண்டும் இதுதான். இங்க இருக்கிற பிரம்டன் மேனர் ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடம். 2021ல அந்தப் பிள்ளையளுக்கு ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜில இருந்து 55 ஓஃபர் வந்தது, அந்த வருசம் பேர் போன ஃபீஸ் பள்ளிக்கூடமான ஈட்டனுக்கு 48. அந்தச் செய்தி வந்த அண்டைக்கு இங்க கடை, கோயில் எல்லா இடமும் அதே கதைதான், எங்கட பிள்ளையள் ஈட்டனை வெண்டிட்டினம் எண்டு.

அதிலயும் ஒரு விசயம் இருக்கு, மறைக்கக் கூடாது. அந்த சிக்ஸ்த் ஃபோர்முக்கு (16 முதல் 18 வயசு வகுப்பு) ஜிசிஎஸ்ஈ எண்ட 16 வயசுச் சோதனையில நல்ல ரிசல்ட் எடுத்த பிள்ளையளைத்தான் சேர்ப்பினம், எங்கயெங்கயோ இருந்து பஸ்ஸும் ட்ரெயினும் ஏறி வருகினம். அப்ப ஒரு பள்ளிக்கூடம் மேல போறதும் எல்லாப் பள்ளிக்கூடமும் மேல போறதும் வேற வேற. எண்டாலும் வறுமைப்பட்ட இடத்தில இருந்து முடியும் எண்டு காட்டினது சின்ன விசயம் இல்லை.

இன்னொண்டு, எங்கட ஆக்களைப் பற்றியே சொல்லுறன், கோவிக்க வேண்டாம். ஃபீஸ் கட்டுற பள்ளிக்கூடம்தான் அநியாயம் எண்டு கதைச்சுக்கொண்டு இயர் 3ல இருந்தே கிராமர் பள்ளிக்கூடத்து நுழைவுச் சோதனையான லெவன் ப்ளஸுக்கு டியூசன் அனுப்புறம். ஹரோ, டூட்டிங், இல்ஃபோர்ட் எங்க பார்த்தாலும் டியூசன் சென்ரர். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளையள் இயர் 5 வந்தோடன காணாமல் போகினம், கேட்டா லெவன் ப்ளஸ் எண்டு பதில். இங்கிலாந்தில சோதனை வைச்சுச் சேர்க்கிற அரசாங்க கிராமர் பள்ளிக்கூடம் 163 மிஞ்சி இருக்கு, பேருக்கு ஃபீஸ் இல்லை, ஆனா உள்ளுக்கு இருக்கிற பிள்ளையளில வருமானம் குறைஞ்ச வீட்டுக்கு எண்டு குடுக்கிற இலவசச் சாப்பாடு எடுக்கிற பிள்ளையள் பத்தில ஒண்டு கூட இல்லை, நாடு முழுக்கப் பார்த்தா நாலில ஒண்டு. டியூசனுக்கு காசு இல்லாத தாய் தகப்பன் என்ன செய்யிறது? கிளீனிங் வேலை செய்து ரெண்டு ஷிஃப்ட் அடிக்கிற தாய்க்கு செப்ரெம்பர்ல சோதனை எண்டதே தெரியாது. பேர்மிங்ஹாமில கிங் எட்வர்ட் கிராமர்காரர் வசதி குறைஞ்ச பிள்ளையளுக்கு எண்டு இடம் ஒதுக்கினம், எல்லாரும் அப்பிடிச் செய்தா எவ்வளவு நல்லம்.

சர்ரே_அம்மா:

இங்க எல்லாரும் ஒரே பக்கம் பேசுறதால நான் எழுதியே ஆகணும். நாங்க ஃபீஸ் கட்டுறோம். ரெண்டு பேரும் என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) வேலை, வீடு சின்னது, கார் பழசு, லீவுக்கு ஊருக்குப் போய் வருஷங்கள் ஆச்சு. மகளுக்கு டிஸ்லெக்சியா, கூடவே சத்தம் தாங்க மாட்டா. அரசு பிரைமரியில 30 பேர் வகுப்புல அவ வாயே திறக்கலை, டீச்சர் நல்லவங்கதான் ஆனா அவங்களுக்கு நேரம் இல்ல. கவுன்சில்ல ஈஹெச்சிபி, அதாவது பிள்ளைக்கு என்ன சிறப்பு உதவி தரணும்னு சட்டப்படி எழுதிக் குடுக்கற திட்டம், கேட்டோம், இழுத்தடிச்சு கடைசியில குடுக்கலை. அந்த ஈஹெச்சிபில கவுன்சிலே ஒரு தனியார் பள்ளிய எழுதிக் குடுத்தா வாட்ட கவுன்சில் திரும்ப வாங்கிக்கலாம், பெத்தவங்க தலையில விழாது. எங்கள மாதிரி அது கிடைக்காதவங்க முழு 20%மும் கட்டணும். அவ இப்ப படிக்கிறது ஒரு சின்ன ஸ்கூல், நீச்சல் குளம் இல்ல, தியேட்டர் இல்ல, வகுப்புல 12 பேர், அவ்ளோதான்.

ஈட்டன நெனச்சுக்கிட்டு போட்ட வரி எங்க மேல விழுது. ஈட்டன் ஃபீஸ் வாட்டோட சேத்து வருஷத்துக்கு 60,000 பவுண்ட் தாண்டிருச்சு, அங்க கட்டுறவங்களுக்கு அது வலிக்காது. வாட் வந்ததுல இன்னொரு பக்கமும் இருக்கு, ஸ்கூலுங்க சாமான், வேலைக்கு தாங்க குடுத்த வாட்ட இப்ப திரும்ப கிளெய்ம் பண்ணலாம், கடந்த 10 வருஷத்துல பெரிய கட்டிடம் கட்டினவங்க அதுலயும் ஒரு பங்கு வாங்கலாம். பெரிய ஹால், பெரிய ஸ்போர்ட்ஸ் சென்டர் கட்டின பணக்கார ஸ்கூலுக்கு அது லாபம், எங்க ஸ்கூலுக்கு ஓடு மாத்தவே காசு இல்ல. 2025 ஜனவரியில சராசரி ஃபீஸ் முந்தின வருஷத்த விட 22%க்கு மேல ஏறிச்சு, எங்க மகளோட வகுப்புல இருந்தே பிள்ளைங்க போயிட்டாங்க.

அந்த 7%ங்கறதுல எல்லாரையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க. ஜட்ஜ் ஆகறவங்க போற ஸ்கூல் வேற, எங்க ஸ்கூல் வேற.

பழைய_பேப்பர்:

சர்ரே அம்மா சொல்ற கடைசி வரி ரொம்ப முக்கியம், அதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் பின்னாடி போகணும். நீளமா எழுதப் போறேன், மன்னிச்சுக்கோங்க.

வின்செஸ்டர் ஸ்கூல் ஆரம்பிச்சது 1382, ஈட்டன் 1440. ஈட்டன ஆறாம் ஹென்றி ராஜா ஆரம்பிச்சது 70 ஏழைப் பசங்களுக்கு இலவசமா படிப்பு குடுக்க. காசு கட்டி வந்த பசங்க பக்கத்து ஊர்ல தங்கி ஓரமா படிச்சாங்க, காலப்போக்குல ஓரத்துல இருந்தவங்களே ஸ்கூல் ஆயிட்டாங்க, இப்பவும் அந்த 70 பேர் ஸ்காலர்ஷிப் இடம் இருக்கு, மத்த ஆயிரத்துக்கு மேல பசங்க ஃபீஸ் பக்கம். இதுவரைக்கும் 20 பிரதமருங்க அங்கேருந்து. தர்மத்துக்கு எழுதி வச்ச சொத்து எப்படி கை மாறும்ங்கறதுக்கு இதைவிட பெரிய உதாரணம் எனக்குத் தெரியல. இந்த தர்ம ஸ்தாபனம்ங்கற அந்தஸ்து இன்னும் நிக்குது, அதனாலதான் பிசினஸ் ரேட்ஸ்ங்கற கட்டிட வரியில சலுகை இருந்துச்சு, இங்கிலாந்துல அதை 2025 ஏப்ரல்ல எடுத்துட்டாங்க.

இப்ப கேள்விக்கு வரேன். 2019ல மேல்மட்ட ஜட்ஜா இருந்தவங்க ஸ்கூலுக்குப் போனது பெரும்பாலும் 1960, 70கள்ல. அப்போ டைரக்ட் கிராண்ட்னு ஒரு வகை இருந்துச்சு, பாதி தனியார், ஆனா அரசாங்கம் காசு குடுத்து சாதாரண வீட்டுப் பிள்ளைங்கள இலவசமா படிக்க வைக்கும், மான்செஸ்டர் கிராமர் ஸ்கூல் மாதிரி. 1975ல லேபர் கட்சி அரசாங்கம் அந்தப் பணத்த நிறுத்த முடிவு பண்ணிச்சு. நோக்கம், எல்லாரும் காம்ப்ரிஹென்சிவ்ல ஒண்ணா படிக்கணும். நடந்தது, கத்தோலிக்கப் பள்ளிங்க பல அரசு பக்கம் வந்துச்சு, மத்ததுல பெரும்பாலானது முழு தனியாரா போயிருச்சு, ஏழைப் பிள்ளைக்கு இருந்த கதவும் சாத்தினதுதான் மிச்சம். கிராமர் ஸ்கூலுங்க சிலதும் அதே வழியில போச்சு. 2024ல பிரதமர் ஆன லேபர் கட்சி கியர் ஸ்டார்மரே அதுக்கு சாட்சி, அவர் ரைகேட் கிராமர்ல சேந்தப்போ அது அரசு ஸ்கூல், அவர் படிக்கும்போதே 1976ல தனியாரா மாறிடுச்சு. 1980ல தாட்சர் அம்மா அசிஸ்டட் பிளேசஸ்னு கொண்டு வந்து அரசு காசுல சில பிள்ளைங்கள உள்ள அனுப்பினாங்க, 1997ல பிளேர் அதை நிறுத்தி அந்தக் காசுல சின்னப் பிள்ளைங்க வகுப்ப 30க்குள்ள கொண்டு வரேன்னாரு. ஆக ஐம்பது வருஷமா ஒருத்தர் கதவ தொறக்கறாங்க இன்னொருத்தர் சாத்தறாங்க, வீட்ட யாரும் தொடல. 2019 லேபர் மாநாட்டுல மொத்தமா அரசு அமைப்போட இணைக்கணும்னு தீர்மானமே போட்டாங்க, தேர்தல்ல தோத்ததும் அது அப்படியே போச்சு.

உதவித்தொகைன்னு சொல்லுவாங்க, மூணுல ஒரு பிள்ளைக்கு ஏதோ ஒரு தள்ளுபடி இருக்குன்னு விளம்பரம் வரும். அதுல பெரும்பாலானது அண்ணன் தங்கை தள்ளுபடி, ஸ்டாஃப் பிள்ளை தள்ளுபடி, மியூசிக் ஸ்காலர்ஷிப், வீட்டு வருமானம் பாக்காம குடுக்கறது. வருமானம் பாத்து முழு ஃபீஸும் தள்ளுபடி வாங்கறவங்க சுமார் 100ல ஒருத்தர். ஹார்ஷம் பக்கத்துல கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல்னு 1552ல ஆரம்பிச்ச ஒரு ஸ்கூல் இருக்கு, அங்க நெறையப் பேர் குடும்ப வருமானத்துக்கு ஏத்த மாதிரிதான் கட்டறாங்க, மனசார பாராட்டணும், ஆனா அந்த மாதிரி விரல் விட்டு எண்ணலாம்.

வாட் போட்டா 65% குறையுமான்னா, என் பதில் குறையாது. ஈட்டன், வெஸ்ட்மின்ஸ்டர், செயின்ட் பால்ஸ் மாதிரி பெரிய ஸ்கூலுங்க காலி ஆகாது. கஷ்டப்படறது சின்ன ஸ்கூலுங்கதான், இதுல நான் சர்ரே அம்மா பக்கம். ஆனா வரியே தப்புன்னு சொல்ல மாட்டேன். வருஷத்துக்கு 1.5 பில்லியனுக்கு மேல வரும்னு அரசாங்கம் சொல்லுது, அரசுப் பள்ளிச் செலவுல அது சுமார் 2% தான், ஆனா 93% பிள்ளைங்களுக்கு அந்த 2% வேணும். இந்த வரி மனித உரிமைக்கு எதிரானதுன்னு சில குடும்பங்கள் கேஸ் போட்டாங்க, 2025 ஜூன்ல ஹைகோர்ட் தள்ளிருச்சு.

ரீடிங்_கோவைக்காரன்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், இவ்ளோ விவரமா வரும்னு எதிர்பாக்கல. சர்ரே அம்மா, உங்க பொண்ணுக்கு ஈஹெச்சிபி குடுக்காம விட்டாங்கல்ல, அதுக்கு அப்பீல் இருக்குங்களே, ட்ரிப்யூனல் போகலாம்னு என் கூட வேலை பாக்கறவர் சொன்னாரு, பாத்தீங்களா?

டீச்சர் அக்கா, ஒரு சின்ன சந்தேகம். நம்ம ஊர்ல 2020ல இருந்து அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்கு மருத்துவ சீட்ல 7.5% தனியா குடுக்கறாங்க, அது வந்ததும் கூலி வேலை செய்யறவங்க பிள்ளைங்க டாக்டர் சீட் வாங்குனத நாம எல்லாரும் பாத்தோம். இங்க அந்த மாதிரி ஏதாவது உண்டுங்களா? அப்புறம் கிரிக்கெட் பத்தி யாருமே சொல்லல.

சர்ரே_அம்மா:

தெரியும் தம்பி, ட்ரிப்யூனலுக்கு பேப்பர் போட்டிருக்கோம், தேதிக்கு காத்திருக்கோம். கிடைச்சா அரசு பள்ளிக்கே அவளை அனுப்ப நான் தயார், வகுப்புல பக்கத்துல ஒரு ஆள் மட்டும் வேணும். நான் வாட்ட எதிர்க்கறேன், அரசு பள்ளிய இல்ல.

மேத்ஸ்டீச்சர்_லூட்டன்:

சர்ரே அம்மா, உங்க மக மாதிரி பிள்ளைங்க என் வகுப்புல இருக்காங்க, உதவிக்கு ஆள் இல்லாம நானும் அவங்களும் தவிக்கிறோம், அதனால உங்க மேல எனக்கு துளி கோபமும் இல்ல. அந்த 2% எங்க போகணும்னு என்னைக் கேட்டா டீச்சிங் அசிஸ்டன்ட்டுக்குன்னுதான் சொல்வேன்.

தம்பி, நம்ம 7.5% மாதிரி சட்டம் போட்ட ஒதுக்கீடு இங்க இல்ல. கான்டெக்சுவல் ஆஃபர்னு ஒண்ணு இருக்கு, பிரிஸ்டல் மாதிரி யூனிவர்சிட்டிங்க பிள்ளை எந்த ஸ்கூல், எந்த ஏரியா, இலவச சாப்பாடு உண்டான்னு பாத்து ஒண்ணு ரெண்டு கிரேட் குறைச்சு சீட் தருவாங்க. தகுதியைக் குறைக்கறாங்கன்னு சத்தம் வரும், ஆனா அரசாங்கத்தோட உயர்கல்வி நிதி கவுன்சில் 2014லயே கணக்கெடுத்து சொல்லிருச்சு, ஒரே ஏ லெவல் மார்க்கோட உள்ள போற ரெண்டு பேர்ல அரசு பள்ளிப் பிள்ளைதான் டிகிரியில நல்லா பண்றாங்கன்னு. பெத்தவங்க நெறையப் பேருக்கு இந்த ஆஃபர் இருக்கறதே தெரியல, பையன் சிக்ஸ்த் ஃபார்ம் வரும்போது ஒவ்வொரு யூனிவர்சிட்டி வெப்சைட்லயும் தேடிப் பாருங்க.

கிரிக்கெட் கதை மைதானத்துக் கதை. அரசு பள்ளி மைதானங்கள் எவ்வளவோ வித்துட்டாங்க, புல்வெளியும் நெட்டும் கோச்சும் இருக்கறது ஃபீஸ் ஸ்கூல்ல. ஜோ ரூட்டே ஷெஃபீல்டு அரசு பள்ளியில படிச்சவர்தான், கிரிக்கெட் ஸ்காலர்ஷிப்ல வொர்க்ஸாப் காலேஜ் போனாரு. திறமை இருந்தா கூப்பிட்டுக்குவாங்க, அப்புறம் எண்ணும்போது ஃபீஸ் ஸ்கூல் கணக்குல சேரும். 2023ல கிரிக்கெட்டுக்குன்னே போட்ட சுயேச்சை கமிஷன், லார்ட்ஸ் மைதானத்துல ஈட்டன், ஹாரோன்னு ரெண்டு ஃபீஸ் ஸ்கூலுங்க மோதற மேட்ச்ச நிறுத்திட்டு அரசு பள்ளிங்க ஃபைனல நடத்துங்கன்னு சொல்லுச்சு. ஈட்டன் ஹாரோ மேட்ச் இன்னும் நடக்குது.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். உங்க பையன் ஸ்கூல்ல பேரன்ட் கவர்னர் (பள்ளி நிர்வாகக் குழுவுல பெத்தவங்க பிரதிநிதி) தேர்தல் வரும்போது நில்லுங்க. நம்ம ஆளுங்க டியூஷனுக்கு அலையிற நேரத்துல கால்வாசி போதும். பட்ஜெட் காகிதம் உங்க கைக்கு வரும், எந்த வகுப்பு மூடறாங்க, எந்த ஆளை நிறுத்தறாங்கன்னு முன்னாடியே கேள்வி கேக்கலாம். சம்பளம் கிடையாது, டெர்முக்கு சில மீட்டிங்தான். ஸ்கூல் ஆஃபீஸ்ல கேட்டா ஃபார்ம் குடுப்பாங்க.